கால்குலேட்டரில் 7 மேலே, ஃபோனில் 1 மேலே: ஏன்?

கேள்வி இது: "கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. ஃபோனில் மேல் வரிசை 1, 2, 3. கணக்கு இயந்திரத்தில் கை பழகியவர்கள் படுவேகமாக எண்களைத் தட்டி தொலைபேசி எக்ஸ்சேஞ்சைத் திணறடித்துவிடக் கூடாது என்றுதான் தலைகீழாக மாற்றி வைத்தார்கள் என்கிறார்களே, நிஜமா?"

நிஜமில்லை. ஆனால் கேட்கச் சுவையான கதை, அதனால் சாக மறுக்கிறது. உண்மைக் காரணத்தை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சப்பென்று இருக்கும். அதைவிட, ஃபோனுக்கு எண் என்ற ஒன்று எதற்கு வந்தது, 0 ஏன் 1-க்கு முன்னால் இல்லாமல் 9-க்குப் பின்னால் போய் உட்கார்ந்தது என்று ஆரம்பத்திலிருந்து வருவோம். வழியில் ஒரு தட்டம்மையும், ஒரு விசிலும், இறுதிச் சடங்குத் தொழில் செய்த ஒரு கோபக்காரரும் வருவார்கள்.

முதலில் எண்ணே கிடையாது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர் முதல் வணிக எக்ஸ்சேஞ்சை, அதாவது ஒரு ஃபோனை இன்னொன்றோடு இணைத்துவிடும் நிலையத்தைத் திறந்தபோது சந்தாதாரர்கள் 21 பேர். அழைப்புகளைக் கையால் இணைக்கும் அவருடைய சுவிட்ச்போர்டில் குதிரை வண்டிக்கான போல்ட்டுகளும், தேநீர்க் கெண்டி மூடியிலிருந்து கழற்றிய குமிழ்களும், பெண்களின் பாவாடைக்கு உள்ளே விறைப்புக்காக வைக்கும் கம்பியும் இருந்தன. அடுத்த மாதமே உலகின் முதல் தொலைபேசிப் பட்டியல் அங்கே அச்சானது: ஒரே ஒரு தாள், சுமார் 50 பெயர்கள், ஒரு எண்கூட இல்லை. ரிசீவரை எடுத்து "மருந்துக்கடைக்குக் கொடுங்கள்" என்று சொன்னால் போதும், ஆபரேட்டருக்கு எல்லாரையும் தெரியும். முதலில் இந்த வேலையில் தந்தி ஆபீஸ் பையன்களை வைத்துப் பார்த்தார்கள். பையன்கள் சந்தாதாரர்களைத் திட்டினார்கள், வேண்டுமென்றே மாற்றி இணைத்து விளையாடினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அதன்பிறகு பல தலைமுறைகளுக்கு ஆபரேட்டர் என்றாலே பெண் குரல்தான்.

இந்த இடத்தில் 'ஹலோ'வைச் சொல்லாமல் போக முடியாது. கிரகாம் பெல்லுக்குப் பிடித்த அழைப்புச் சொல் 'அஹோய்', கப்பல்காரர்கள் தூரத்துக் கப்பலைக் கூப்பிடுகிற சொல். 'ஹலோ' எடிசனின் தேர்வு. 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்கில் இருந்த ஒரு தந்திக் கம்பெனித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், அழைப்பு மணியே தேவைப்படாது, 'ஹலோ' என்றால் பத்திருபது அடி தள்ளி இருப்பவருக்கும் கேட்கும் என்கிறார். மணி எதற்கு வேண்டாம் என்று யோசித்தார்? தொலைபேசி என்றால் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே எப்போதும் திறந்தே கிடக்கும் கம்பி என்பதுதான் அன்றைய கற்பனை. மணி பின்னால் வந்தது, ஆனாலும் கத்திக் கூப்பிடுகிற சொல் போகவில்லை. இன்றைக்கும் ஃபோன் மணி அடித்து, நாம் எடுத்து, அதன்பிறகு 'ஹலோ' சொல்கிறோம். மணியும் 'ஹலோ'வும் செய்வது ஒரே வேலை என்று யாரும் யோசிப்பதில்லை.

எண்ணுக்கு வருகிறேன். 1879 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் தட்டம்மை பரவியது. மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற மருத்துவருக்கு ஒரு கவலை. ஊரில் ஆபரேட்டர்கள் நான்கே பேர். நால்வரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால்? புதிதாக வந்து உட்காருகிறவருக்கு எந்தத் துளை யாருடையது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள், யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை நடக்கும் என்றார். பெயரைப் பறித்துவிட்டு எண்ணைக் கொடுப்பதா என்று சந்தாதாரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று கம்பெனி பயந்தது. எண் ஒட்டிக்கொண்டது. ஆபரேட்டர் இல்லாமல் இயந்திரம் இணைக்கும் காலம் வருகிறது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை; ஆனால் அதற்கு வேண்டிய அடிப்படையை ஓர் அம்மைக் காய்ச்சல் போட்டுக்கொடுத்துவிட்டது. இயந்திரத்துக்குப் பெயர் புரியாது, எண்ணிக்கை புரியும்.

அந்த இயந்திரத்தைச் செய்தவர் ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர். கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழில். அவர் கதை பலருக்குத் தெரிந்திருக்கும்: தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டார், ஏனென்றால் அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி. மனைவியா, உறவுக்காரியா என்பது சொல்லுபவருக்குச் சொல்லுபவர் மாறும். நான் அதன்மேல் பந்தயம் கட்டமாட்டேன். காப்புரிமை மட்டும் கல்வெட்டு மாதிரி இருக்கிறது: 1889-ல் விண்ணப்பம், 1891 மார்ச்சில் கையில் வந்தது. முதல் மாதிரியைச் சட்டைக் காலர் வைக்கிற வட்டப் பெட்டியில் குண்டூசிகளைக் குத்திச் செய்து பார்த்தார் என்பார்கள். 1892 நவம்பரில் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் ஆபரேட்டர் இல்லாத முதல் எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது.

அதன் தந்திரம் எளிமையானது. ஒரு தண்டு. அதற்கு எதிரே, வளைந்த சுவர் மாதிரி, பத்து மாடிகள். மாடிக்குப் பத்து தொடுமுனைகள். முதல் இலக்கத்துக்குத் தண்டு ஏறும், அடுத்த இலக்கத்துக்குப் பக்கவாட்டில் திரும்பும். 4, 7 என்றால் நான்காம் மாடி, ஏழாம் முனை. நூறு வீடுகளில் எதையும் எட்ட இந்த ஒரு தண்டு போதும். அதற்கு மேல் வேண்டுமானால் தண்டுகளை அடுத்தடுத்துக் கோத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் சுழலும் டயல்கூட இல்லை. தனித்தனிப் பொத்தான்கள், 28 வேண்டுமானால் ஒரு பொத்தானை இரண்டு முறையும் அடுத்ததை எட்டு முறையும் எண்ணி எண்ணித் தட்ட வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. எண்ணுகிற வேலையை மனிதரிடமிருந்து பிடுங்கத்தான் 1896 வாக்கில் டயல் வந்தது. இந்த வகை எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு கெட்டியானது என்றால், பிரிட்டனின் கடைசி ஸ்ட்ரவ்ஜர் எக்ஸ்சேஞ்சை மூடியது 1995-ல்.

சுழல் டயல் உண்மையில் என்ன செய்கிறது என்று பலருக்கும் தெரியாது. விரலை விட்டு இழுக்கும்போது ஒன்றும் நடப்பதில்லை. விட்டவுடன் 'கிர்ர்ர்' என்று திரும்பி வருகிறதே, அப்போதுதான் லைனில் ஓடும் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கிறது, நொடிக்குப் பத்துத் துடிப்பு. 1 என்றால் ஒரு துடிப்பு, 9 என்றால் ஒன்பது. 0? துடிப்பே இல்லாத ஒன்றை இயந்திரம் எப்படி எண்ணும்? அதனால் 0 பத்துத் துடிப்பானது. ஃபோனில் 0 9-க்குப் பிறகு வருவது இதனால்தான். அது பூஜ்யமே இல்லை, பத்து.

(அந்த மின்சாரம் வீட்டிலிருந்து வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் வேலை செய்தது அதனால். அந்தப் பேட்டரியின் நேர்முனையைத்தான் பூமியோடு இணைப்பார்கள், வழக்கத்துக்கு நேர் மாறாக. ஈரத்தில் கசிவு ஏற்பட்டால் தாமிரக் கம்பி அரிக்காமல் இருக்க வேண்டும் என்பது காரணம். எதிர்முனையில் இருக்கும் உலோகம் கரையாது.)

துடிப்புக்கு நேரம் பிடிக்கும் என்பதால் எண்களுக்குள் ஏழை, பணக்காரன் வந்துவிட்டது. 1 சட்டென்று முடியும், 0 முழுசாய் ஒரு நொடி தின்னும். 1947-ல் வட அமெரிக்காவுக்குப் பகுதிக் குறியீடுகளை வகுத்தபோது, நிறையப் பேர் அழைக்கிற ஊருக்குக் குறைந்த துடிப்பு என்று பார்த்துக் கொடுத்தார்கள். நியூயார்க் நகரத்துக்கு 212, கூட்டினால் ஐந்தே துடிப்பு. லாஸ் ஏஞ்சலிஸ் 213, சிகாகோ 312, ஆறு ஆறு. ஆள் நடமாட்டம் குறைந்த அலாஸ்காவுக்குப் பின்னாளில் கிடைத்தது 907: ஒன்பது, பத்து, ஏழு, ஆக 26. டயலைச் சுற்றியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் 212 ஓர் அந்தஸ்துச் சின்னமாக அமெரிக்காவில் நிற்கிறது. அந்த அந்தஸ்து எங்கிருந்து வந்தது என்றால் மூன்று குட்டி இலக்கங்கள்.

அப்படியானால் அவசர அழைப்புக்கு மிகக் குட்டியான 111-ஐ அல்லவா வைத்திருக்க வேண்டும்? லண்டனில் 1937 ஜூன் 30-ல் உலகின் முதல் அவசர எண் தொடங்கியது. வைத்தது 999. இருப்பதிலேயே மெதுவான எண்களில் ஒன்று, 27 துடிப்பு. பின்னணி ஒரு தீ விபத்து. 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்கு ஃபோன் செய்தபோது, எக்ஸ்சேஞ்சில் அவருடைய அழைப்பும் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. முந்திக்கொண்டு ஒலிக்கிற ஓர் எண் வேண்டும் என்று முடிவானது. 111 ஆகாது: காற்றில் இரண்டு கம்பிகள் உரசினாலே எக்ஸ்சேஞ்சுக்கு அது 1 என்று கேட்கும், மூன்று முறை உரசினால் தீயணைப்பு வண்டி கிளம்பிவிடும். 0 ஏற்கெனவே ஆபரேட்டருக்குப் போய்விட்டது. காசு போட்டுப் பேசும் ஃபோன்களில் 0-வைக் காசில்லாமல் சுற்றும்படி வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த துளையான 9-க்கும் அந்தச் சலுகையை நீட்டுவது சின்ன மாற்றம். இன்னொன்று, புகையிலும் இருட்டிலும் கண் தெரியாவிட்டாலும் டயலின் நிறுத்தக் கட்டையை விரலால் தடவிப் பார்த்து, 0-வுக்கு அடுத்த துளையைப் பிடித்துவிடலாம். அவசரத்துக்கு வேகத்தைவிடத் தவறாமை முக்கியம் என்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எடுத்த முடிவு இது, எனக்கு மிகவும் பிடித்த முடிவும்கூட.

இதில் இன்னொரு வேடிக்கை நியூசிலாந்து. அங்கே டயலில் எண்கள் தலைகீழ்: 1-ஐச் சுற்றினால் ஒன்பது துடிப்பு, 9-ஐச் சுற்றினால் ஒரு துடிப்பு. 1958-ல் அவர்கள் அவசர எண்ணைத் தொடங்கினார்கள். எக்ஸ்சேஞ்ச் கருவிகள் பிரிட்டனின் வார்ப்பு. அவர்கள் வைத்த எண் 111. கம்பியில் போனதென்னவோ அதே 27 துடிப்பு. எக்ஸ்சேஞ்சைக் கேட்டால் அது 999 என்றுதான் சொல்லியிருக்கும்.

இனி உங்கள் கேள்வி. டயலை ஒழித்துப் பொத்தான் கொண்டுவர அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல்லின் ஆய்வகம் 1950-களில் வேலை செய்தது. அந்த ஆய்வகத்தில் மனிதர்கள் கருவிகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்கத் தனிப் பிரிவு இருந்தது. அதன் தலைவர் ஜான் கார்லின், தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், உளவியலாளர், நன்றாக வயலின் வாசிப்பார். அவருடைய குழுவின் ஒரு பழைய சோதனையைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். போருக்குப் பிறகு தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. ரிசீவர் வயரின் நீளம் மூன்றடி. அதைக் குறைத்தால் வாடிக்கையாளர்கள் கத்துவார்களா என்று கம்பெனிக்குக் கேள்வி. கார்லின் ஆட்கள் கருத்துக் கணிப்பெல்லாம் நடத்தவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை சக ஊழியர்களின் அறைக்குள் நைசாகப் புகுந்து, வயரை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு வந்தார்கள். முழுசாய் ஓர் அடி போகும்வரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பொத்தான்களுக்கும் அதே பொறுமை. 1955-ல் மேரி லட்ஸ், அல்போன்ஸ் சபானிஸ் என்ற இருவர் வெற்றுப் பொத்தான் படங்களைக் கொடுத்து, எண்கள் எங்கெங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று ஆட்களைக் கேட்ட ஆய்வு வெளியானது. பெரும்பாலானோர் புத்தகம் படிக்கிற வரிசையில், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நிரப்பினார்கள். அடுத்து பெல் ஆய்வகத்தின் டெய்னிங்கர் பலவகை அமைப்புகளைச் செய்து, ஊழியர்களை எண் அழுத்தச் சொல்லி, நேரத்தையும் பிழையையும் அளந்தார். இரண்டு வரிசையில் ஐந்தைந்து, டயல் மாதிரி வட்டம், கணக்கு இயந்திர அமைப்பு, எல்லாம் அதில் உண்டு. 1960-ல் முடிவுகள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், முன்னணியில் நின்ற அமைப்புகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எது வைத்தாலும் ஓரளவு ஓடியிருக்கும். மூன்று மூன்றாக அடுக்கி 0-வைக் கீழே தனியே வைப்பது கச்சிதமானது, ஆட்களுக்கும் பிடித்தது, அவர்கள் எதிர்பார்த்ததும் அதுதான். 1963 நவம்பர் 18-ல் பென்சில்வேனியாவின் இரண்டு ஊர்களில் அந்த ஃபோன் விற்பனைக்கு வந்தது. யாரையும் மெதுவாக்குகிற எண்ணம் எங்கேயும் இல்லை. டயலைவிட வேகமாக அழுத்தத்தானே பொத்தானே வந்தது!

அப்படியானால் தலைகீழாக நிற்பது ஃபோன் இல்லை, கால்குலேட்டர். பழைய கணக்கு இயந்திரங்களில் ஒன்றாம் இடத்துக்கு ஒரு தூண், பத்தாம் இடத்துக்கு ஒரு தூண் என்று நெடுக்குத் தூண்களாகப் பொத்தான்கள் இருக்கும்; ஒவ்வொரு தூணிலும் 1 கீழே, 9 மேலே. 1914-ல் சண்ட்ஸ்ட்ராண்ட் இயந்திரம் அதைப் பத்துப் பொத்தானாகச் சுருக்கியபோதும் பெரிய எண் மேலே என்ற அமைப்பே நின்றது. கணக்காளர்களின் கை அதில் பழகிவிட்டது, கால்குலேட்டரும் கணினி விசைப்பலகையும் அதையே எடுத்துக்கொண்டன. இரண்டு பரம்பரை, இரண்டு வழக்கம், அவ்வளவுதான்.

பொத்தானோடு துடிப்பு போய் ஒலி வந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளை ஒன்றாக எழுப்புகிறது, குறுக்கு வரிசைக்கு ஒன்று, நெடுக்குத் தூணுக்கு ஒன்று. 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். காதுக்கு அது இனிமையாக இல்லாதது விபத்து இல்லை: சாதாரணப் பேச்சோ பாட்டோ தற்செயலாக அந்த ஜோடியை உண்டாக்கி எக்ஸ்சேஞ்சை ஏமாற்றிவிடக் கூடாது என்று ஒன்றோடொன்று ஒட்டாத சுருதிகளாகப் பொறுக்கினார்கள். கணக்குப்படி நான்காவது தூணும் உண்டு. ஏ, பி, சி, டி என்ற அந்தப் பொத்தான்கள் அமெரிக்க ராணுவ ஃபோன்களில் இருந்தன. அழுத்தினால் கீழ்ப்படியில் இருப்பவரின் அழைப்பை வெட்டிவிட்டு மேலதிகாரியின் அழைப்பு உள்ளே போகும்.

சொந்த வீட்டுக் கம்பியில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்கள் ஊர்களுக்கு நடுவிலான தொலைதூர லைன்களில் கோட்டை விட்டார்கள். ஒரு லைன் சும்மா இருக்கிறது என்பதற்கு அடையாளம் 2600 ஹெர்ட்ஸ் ஒலி. பேச்சு போகும் அதே பாதையில்தான் அந்த ஒலியும். அழைத்தவரே அந்தச் சுருதியை எழுப்பினால்? தூரத்து எக்ஸ்சேஞ்ச் அழைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், ஆனால் ஆள் லைனிலேயே இருப்பார். அங்கிருந்து வேறு எண்ணுக்குப் போகலாம், பில் வராது. ஜோ எங்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் ஏழெட்டு வயதில், 1957 வாக்கில், வாயால் விசிலடித்தே இதைக் கண்டுபிடித்தான். அவனுக்குச் சுருதி ஞானம் அப்படி. காலை உணவு தானியப் பெட்டிக்குள் இனாமாக வந்த பொம்மை விசில் ஒன்று அச்சாக 2600-ஐ ஊதும் என்பது பிறகு தெரிந்தது. மற்ற ஒலிகளின் விவரத்தையெல்லாம் பெல் நிறுவனமே தன் தொழில்நுட்ப இதழில் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பியிருந்தது, திருடனிடம் சாவியைத் தபாலில் அனுப்பின மாதிரி. 1970-களின் தொடக்கத்தில் இந்த ஒலிகளை எழுப்பும் 'நீலப் பெட்டி'களைச் செய்து மாணவர்களுக்கு விற்றவர்களில் இருவர் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும். ஆப்பிள் அதற்குப் பிறகுதான்.

பேச்சு ஒரு பாதை, கட்டளை வேறு பாதை என்று பிரிப்பதுதான் நிலையான வைத்தியம். வேகத்துக்காகவும் அது தேவைப்பட்டது. 1970-களிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் தனிக் கால்வாயில் பேசத் தொடங்கின. செல்ஃபோனையும் அதே பாணியில் வடிவமைத்தார்கள். மணி அடிக்கவும், ஃபோன் எந்தக் கோபுரத்தருகே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவும் பேச்சிலிருந்து விலகிய கட்டுப்பாட்டுத் தடங்கள். அந்தத் தடங்கள் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற இடத்தில் எழுத்தை அனுப்பினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் எஸ்எம்எஸ்.

இடம் குறைவு: ஒரு செய்திக்கு 140 பைட், பைட்டுக்கு எட்டு பிட் என்றால் 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட் தேவையில்லை, ஏழு போதும் என்று இறுக்கினால் அதில் 160 எழுத்து. இது போதுமா? 1985-ல் ஜெர்மனியின் பான் நகரில் எஸ்எம்எஸ்ஸை வகுத்தவர்களில் ஒருவரான ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் தன் தட்டச்சு இயந்திரத்தில் மனம்போன போக்கில் வாக்கியங்களை அடித்து, எழுத்து, இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாமே 160-க்குள் முடிந்தன. போஸ்ட்கார்டுகளிலும் மனிதர்கள் அதற்கு மேல் எழுதுவதில்லை என்று கண்டார். 1992 டிசம்பர் 3-ல் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் முதல் செய்தியை அனுப்பினார், கணினியிலிருந்து; ஃபோனில் எழுத்து அடிக்க அப்போது வழியில்லை. இரண்டே சொல், கிறிஸ்மஸ் வாழ்த்து.

ஹில்லபிராண்டின் கணக்கில் தமிழ் இல்லை. ஏழு பிட் பட்டியலில் நம் எழுத்துகள் அடங்காது, ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட் வேண்டும், அதே 140 பைட்டில் 70 குறிதான் கொள்ளும். அதிலும் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருக்கும்: 'தொலைபேசி' நமக்கு நான்கு எழுத்து, ஃபோனுக்கு எட்டு. 70-ஐத் தாண்டினால் செய்தியைத் துண்டு போட வேண்டும். எந்தத் துண்டு எதற்கு முன்னால் என்று குறிக்க ஒவ்வொன்றிலும் ஆறு பைட் போய்விடும், துண்டுக்கு மிஞ்சுவது 67. ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போகும் வாழ்த்து தமிழில் இரண்டு, மூன்று செய்திக்கான காசைத் தின்றதும், சில நேரம் பின்பாதி வராமல் முன்பாதி மட்டும் வந்து நின்றதும் இதனால்தான்.